மின்கட்டணப் பில்லிலேயே இருக்கும் முதலீடு: மதுரை வணிகக் கட்டடங்களில் மின்சிக்கனப் பணிகளுக்குப் பணம் திரட்டுவது எப்படி?

டவுன் ஹால் சாலையை ஒட்டிய ஒரு தங்கும் விடுதியின் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில், பட்டப்பகல் பதினொரு மணிக்கு எட்டு டியூப்லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. மேலாளரிடம் காரணம் கேட்டேன். "சன்னலத் திறந்தா ரோட்டுத் தூசி பூராம் உள்ள வருது சார், மூடுனா இருட்டு. அதான் அணைக்கிறதே இல்ல" என்றார். எட்டும் பழைய சோக் வைத்த விளக்குகள். சோக்கையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 வாட் இழுக்கும். அதே வெளிச்சம் தரும் எல்.இ.டி. பேட்டன் 20 வாட்டில் எரியும். விளக்குக்கு 30 வாட் மிச்சம் என்றால், இரவும் பகலும் எரியும் இடத்தில் ஆண்டுக்கு 263 யூனிட் மிச்சமாகும். வணிக இணைப்பில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அது 2,600 ரூபாய். முந்நூறு ரூபாய்ப் பேட்டன் தன் விலையை ஒன்றரை மாதத்தில் மீட்டுவிடும். இந்தக் கணக்கைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டிய பிறகு அந்த விடுதியின் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு கவர்மெண்ட்ல ஏதும் மானியம் உண்டா?" என்பதுதான்.

நியாயமான கேள்விதான், ஆனால் அதைக் கேட்கும் இடம் அதுவல்ல. மானியத்துக்காகக் காத்திருந்த நாட்களில் அவர் செலவழித்த மின்சாரத்தின் விலை, எந்த மானியத்தையும்விட அதிகமாகியிருக்கும். அதே சமயம், உண்மையாகவே மானியமும் சலுகையும் கிடைக்கக்கூடிய வேறு வேலைகளில், அவசரப்பட்டு முதலில் பொருளை வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கப் போய் ஏமாந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எந்த வேலைக்கு எந்தப் பணம், எந்த வரிசையில் என்பதை மதுரையில் விடுதி, துணிக்கடை, மருத்துவமனை, திருமண மண்டபம், சிறு தொழிற்கூடம் ஆகியவற்றின் நிர்வாகத்தைப் புதிதாக ஏற்றிருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சலுகை என்றால் இங்கே என்ன?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் மின்சாரம் விற்கும் நிறுவனமே, தன் வாடிக்கையாளர் சிக்கனமான விளக்கோ குளிர்சாதனமோ பொருத்தினால் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. அதற்கு ரிபேட் என்று பெயர். எல்லோருடைய கட்டணத்திலும் சேர்த்து வசூலிக்கப்படும் ஒரு சிறு தொகையிலிருந்து இது வழங்கப்படுகிறது. புதிய மின்நிலையம் கட்டுவதைவிட, இருக்கும் மின்சாரத்தைச் சேமிக்கச் சொல்லிப் பணம் கொடுப்பது மலிவு என்பதே அதன் பின்னாலிருக்கும் கணக்கு. நம் நாட்டிலும் அதன் சாயல் உண்டு. தில்லியில் பி.எஸ்.இ.எஸ். நிறுவனங்கள் பழைய ஏ.சி.யைக் கொடுத்துப் புதிய நட்சத்திர ஏ.சி.யைத் தள்ளுபடி விலையில் வாங்கும் திட்டத்தை நடத்தியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் ஒரு வணிகக் கட்டடத்தின் உரிமையாளர் எல்.இ.டி. விளக்கு ரசீதைக் கொண்டுபோய் மின்வாரிய அலுவலகத்தில் கொடுத்துப் பணம் வாங்கிவர முடியாது. (2024-இல் பிரிக்கப்பட்ட பிறகு அதன் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம், ஆனாலும் மதுரையில் அது இன்னும் ஈ.பி.தான், இந்தக் கட்டுரையிலும் மின்வாரியம் என்றே எழுதுகிறேன்.) இங்கே பணம் மூன்று வாசல் வழியாக வருகிறது. பில்லில் தேவையின்றிக் கட்டிக்கொண்டிருக்கும் நிலைக்கட்டணமும் (எத்தனை யூனிட் எரித்தாலும் மாறாத கட்டணம்) அபராதமும் முதல் வாசல். மிச்சமாகும் யூனிட் இரண்டாவது. மாநில, மத்திய அரசுகளின் தொழில் மானியங்களும் வருமான வரிச் சலுகையும் மூன்றாவது. பெரும்பாலோர் மூன்றாவது வாசலில் போய் நிற்கிறார்கள். முதல் வாசலுக்கு ஒரு மனு எழுதும் தாள் செலவைத் தவிரப் பெரிதாக எதுவும் தேவையில்லை என்பதால், நான் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

முதல் வேலை: பன்னிரண்டு மாதப் பில்லை மேசையில் பரப்புவது

ஒரு பில்லைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மதுரையில் சித்திரை வெயிலில் ஓடும் கட்டடமும் கார்த்திகை மழையில் ஓடும் கட்டடமும் ஒன்றல்ல. தாழ்வழுத்த இணைப்புக்கு (வீடு, கடைகளுக்கு வரும் சாதாரண இணைப்பு) பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஆறு பில்களும், உயரழுத்த இணைப்புக்கு (பெரிய கட்டடங்கள் சொந்த மின்மாற்றி வைத்து எடுப்பது) மாதம் ஒன்று என்பதால் பன்னிரண்டு பில்களும் வேண்டும். பழைய வெள்ளை அட்டை தொலைந்துபோயிருந்தாலும் கவலையில்லை. மின் இணைப்பு எண்ணைக் கொண்டு இணையத்தில் முந்தைய கணக்கீடுகளை எடுத்துக்கொள்ளலாம். கட்டணமும் 2022 செப்டம்பர் உயர்வுக்குப் பிறகு சூலை மாதங்களில் மாறிவருவதால், ரூபாயை ஒப்பிடாமல் யூனிட்டை ஒப்பிடுங்கள். "போன வருசத்தவிடப் பில்லு கூடியிருக்கு" என்று சொல்பவரின் யூனிட் உண்மையில் குறைந்திருப்பதும் உண்டு.

அடுத்ததாகக் கண் போக வேண்டிய இடம் ஒப்பந்த மின்பளு, அதாவது அதிகபட்சம் இவ்வளவு எடுப்போம் என்று மின்வாரியத்திடம் எழுதிக்கொடுத்த அளவு. கட்டடம் கட்டும்போது யாரோ ஒரு காண்டிராக்டர், "எதுக்கும் இருக்கட்டும்" என்று 60 கிலோவாட் எழுதிக்கொடுத்திருப்பார். மின்மானியில் பதிவாகும் அதிகபட்ச மின்தேவை 38-ஐத் தாண்டியிருக்காது. தாழ்வழுத்த வணிக இணைப்பில் நிலைக்கட்டணம் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாதந்தோறும் விதிக்கப்படுகிறது. அதோடு 50 கிலோவாட்டைத் தாண்டினால் ஒரு படி, 112-ஐத் தாண்டினால் இன்னொரு படி என்று கிலோவாட்டுக்கான விகிதமே ஏறுகிறது. 60 கிலோவாட்டை 45-ஆகக் குறைத்துக்கொள்பவருக்குக் கிடைப்பது 15 கிலோவாட்டின் நிலைக்கட்டணம் மட்டுமல்ல, மீதி 45-க்கும் விகிதம் கீழ்ப்படிக்கு இறங்கிவிடுகிறது. ஒரு விளக்கைக்கூட மாற்றாமல், உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவால் வரும் மிச்சம் இது.

உயரழுத்த இணைப்பில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. பதிவான மின்தேவை, அல்லது ஒப்பந்த மின்தேவையில் 90 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதற்கே மின்தேவைக் கட்டணம் விதிக்கப்படும். 200 கே.வி.ஏ. (உயரழுத்தத்தில் மின்தேவையை அளக்கும் அலகு) ஒப்பந்தம் செய்துவிட்டு 120-க்கு மேல் போகாத ஒரு மருத்துவமனை, ஒவ்வொரு மாதமும் 180 கே.வி.ஏ.வுக்குப் பணம் கட்டுகிறது. அதை 140-ஆகக் குறைத்தால் குறைந்தபட்சக் கணக்கு 126-இல் நிற்கும், 54 கே.வி.ஏ. மிச்சம். கே.வி.ஏ.வுக்கு 600 ரூபாயை ஒட்டிய இன்றைய விகிதத்தில் அது மாதம் 32,400 ரூபாய், ஆண்டுக்கு 3,88,800 ரூபாய். இந்தத் தொகையை ஒரு தனி நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் மின்சிக்கன நிதியின் முதல் வரவு அதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒப்பந்தத்தைத் தாண்டிப் பதிவாகும் மின்தேவைக்கு உயரழுத்த இணைப்பில் இரட்டிப்பு விகிதம் விதிக்கப்படும் என்பதால், அக்கினி நட்சத்திர மாதத்தின் உச்சத்தைப் பார்க்காமல் குறைக்கக் கூடாது. குறைத்ததைத் திரும்பக் கூட்டப் போனால் மீண்டும் கட்டணங்களும் அலைச்சலும் உண்டு. திருமண மண்டபக்காரர்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடக்கும் மண்டபம், வைகாசி முகூர்த்தத்தில் ஏ.சி., சமையல்கூடம், அலங்கார விளக்கு என்று ஒரே நாளில் உச்சத்தைத் தொடும். சராசரியைப் பார்த்து அவர்கள் மின்பளுவைக் குறைத்தால் முதல் முகூர்த்தத்திலேயே மாட்டிக்கொள்வார்கள்.

பில்லில் மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது மின்திறன் காரணி. மோட்டாரும் பழைய சோக்கும், வேலைக்கு உதவாத ஒரு மின்னோட்டத்தையும் சேர்த்து இழுக்கின்றன. இழுக்கும் மொத்தத்தில் எவ்வளவு பங்கு வேலையாக மாறுகிறது என்பதே இந்த எண். உயரழுத்த இணைப்பில் இது 0.90-க்குக் குறையக் கூடாது. குறைந்தால், 0.85 வரை ஒவ்வொரு 0.01-க்கும் மின்நுகர்வுக் கட்டணத்தில் 1 சதவீதம் அபராதம். அதற்கும் கீழே போனால் விகிதம் கூடும். பெரிய தாழ்வழுத்த இணைப்புகளுக்கும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. மருந்து எளிது: அந்த உதவாத மின்னோட்டத்தை அங்கேயே ஈடுகட்டும் கெப்பாசிட்டர். உயரழுத்தத்தில் மின்தேவை கே.வி.ஏ.வில் அளக்கப்படுவதால் இதில் இரட்டை லாபம் இருக்கிறது. 100 கிலோவாட் வேலை 0.80-இல் 125 கே.வி.ஏ. என்று பதிவாகும், 0.98-இல் 102 என்றுதான் பதிவாகும். ஆனால் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் "பேனல்ல இருக்கு சார்" என்பார்கள். பேனலைத் திறந்து பாருங்கள். வயிறு உப்பி, எண்ணெய் கசிந்து, பல வருடங்களுக்கு முன்பே செத்துப்போன டப்பாக்கள் வரிசையாக நிற்கும். இருக்கிறது என்பதும் ஓடுகிறது என்பதும் வேறு. கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு கம்பியிலும் மாட்டி ஆம்பியர் ஓடுகிறதா என்று மின்பணியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது வேலை: கட்டடத்தை அளப்பது

விளக்கு எத்தனை, விசிறி எத்தனை, ஏ.சி. எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று தளம் தளமாக எழுத வேண்டும். இந்தக் கணக்கெடுப்பில் எல்லோரும் பிழை செய்யும் இடம் மணி நேரம். பகலில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை, விடியற்காலை ஐந்தரைக்கு ஒருமுறை என மூன்று நேரங்களில் சுற்றி வந்தால்தான் கட்டடத்தின் உண்மையான பழக்கம் தெரியும்.

விடியற்காலைச் சுற்றில்தான் எனக்கு விடுதிகளின் குட்டு வெளிப்பட்டது. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வந்து தங்குபவர்கள் ஐந்து மணிக்கே எழுந்து குளிக்கிறார்கள். ஒவ்வொரு அறையிலும் 2 கிலோவாட் கீசர். இருபது அறைகளில் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டாலே 40 கிலோவாட். அன்று முழுவதும் அந்த விடுதியில் வேறெந்த நேரத்திலும் அவ்வளவு மின்தேவை வராது. அந்த முக்கால் மணி நேரக் குளியலுக்காகத்தான் ஆண்டு முழுவதும் நிலைக்கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூரையில் சூரிய வெந்நீர்க் கலனோ வெப்பப் பம்ப்போ வைத்துப் பொதுக்குழாயில் வெந்நீர் கொடுத்தால், யூனிட் குறைவதோடு அந்த உச்சமும் மறையும். உச்சம் மறைந்தால் ஒப்பந்த மின்பளுவைக் குறைக்க மனுப் போடலாம். வெப்பப் பம்ப் வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால், கீசர் மூன்று யூனிட்டில் செய்வதை ஏறக்குறைய ஒரு யூனிட்டில் செய்துவிடும், அதுவும் மதுரையின் காற்றில் சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பழைய கட்டடங்களில் வெந்நீருக்கென்று தனிக் குழாய் இருக்காது. சுவரை உடைத்துக் குழாய் போடும் செலவையும் கணக்கில் சேர்த்த பிறகே முடிவெடுங்கள். விற்பனைக்கு வருபவர் அந்தச் செலவைச் சொல்ல மாட்டார்.

மூன்றாவது வேலை: எதை முதலில் மாற்றுவது

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றக் கடன் வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. விரைவில் பணத்தைத் திருப்பித் தருவதை முதலில் செய்து, அதில் வரும் மிச்சத்தை எடுத்து அடுத்ததற்குப் போட வேண்டும். சீட்டு எடுத்து நகை வாங்கிப் பழகிய ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாள் முழுவதும் எரியும் தாழ்வார, மாடிப்படி, அடித்தள விளக்குகளிலிருந்து தொடங்கலாம். துணிக்கடையாக இருந்தால், காட்சிக்கு வைத்த பழைய ஹாலஜன் விளக்குகள் அதற்கும் முன்னால் போக வேண்டும். அவை மின்சாரத்தைத் தின்பதோடு கடைக்குள் சூட்டையும் கொட்டுவதால், அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி.யும் சேர்ந்து உழைக்கிறது.

அடுத்து மின்விசிறி. சாதாரண விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. விசிறி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய வகை மோட்டார் வைத்தது) 30 வாட். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் இடத்தில் ஆண்டுக்கு 197 யூனிட், அதாவது 2,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக மிச்சம்; 3,000 ரூபாய் விசிறி ஒன்றரை ஆண்டில் தன் விலையை மீட்டுவிடும். நாளுக்கு மூன்று மணி நேரமே ஓடும் பொருள்கிடங்கில் அதே விசிறிக்கு ஆறு ஆண்டு ஆகும் என்பதையும் கவனியுங்கள். அங்கே பழையதே இருக்கட்டும். 2023 சனவரி முதல் கூரை விசிறிக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம் என்பதால், வாங்கும்போது வாட் எண்ணைப் பெட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஏ.சி.யைப் பற்றிப் பேசும்போது மட்டும் நான் கொஞ்சம் கறாராகிவிடுவேன், ஏனென்றால் புதியது வாங்கச் சொல்வதற்கு ஊரே இருக்கிறது, இருப்பதைச் சரிசெய்யச் சொல்ல ஆள் இல்லை. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் பின்புறச் சந்தில், மூன்றடி அகலத்துக்குள் ஏழு வெளிப்புற யூனிட்டுகள் எதிரும் புதிருமாகத் தொங்கின. ஒன்று வெளியே தள்ளும் அனலை எதிரே இருப்பது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டியபோது அடுப்பு வாசலில் நிற்பதுபோலிருந்தது. கடைக்காரர் ஏழையும் மாற்ற விலைப்பட்டியல் வாங்கி வைத்திருந்தார். முதலில் மூன்றை மட்டும் மொட்டை மாடிக்கு ஏற்றி, எல்லாவற்றையும் தண்ணீர் அடித்துக் கழுவி, உள்யூனிட்டின் வடிகட்டிகளைத் துலக்கினோம். ஆம்பியர் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. இரண்டை மட்டும்தான் மாற்ற வேண்டிவந்தது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கனச் செயலகம் சொல்லும் கணக்கு. 2020 சனவரி முதல் விற்கும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி அமைக்கப்பட்டிருப்பதும் அதனால்தான். 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது சாதாரண ஏ.சி.யைப் பொறுத்தவரை வெறும் நம்பிக்கை; அது அதே வேகத்தில்தான் குளிர்விக்கும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, அவ்வளவுதான்.

ஏ.சி. அறை மேல்தளத்தில் இருந்தால் மொட்டை மாடிக்கு வெள்ளை பூசுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் தாங்கும் வெள்ளை ஓடு பதிக்க வசதி இல்லையென்றால், பங்குனியில் சுண்ணாம்பு அடிக்கும் பழைய வழக்கமே போதும்.

நான்காவது வேலை: வெளியிலிருந்து வரும் பணம்

நிலைக்கட்டணத்தைக் குறைத்து, விளக்கையும் விசிறியையும் அவற்றின் சொந்த மிச்சத்திலேயே முடித்த பிறகு, பெரிய செலவுகளுக்கு மட்டும் மானியத்தையும் சலுகையையும் தேடுங்கள். இங்கே ஒரு பிரிவினையை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும்: அரசு மானியங்களில் பெரும்பாலானவை உற்பத்தி நிறுவனங்களுக்கானவை. கப்பலூரில் பிளாஸ்டிக் வார்ப்போ மாவு அரைப்போ நடத்துபவருக்குக் கிடைப்பது, மாட்டுத்தாவணியில் விடுதி நடத்துபவருக்குக் கிடைக்காது.

உற்பத்தியாளராக இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். மாநில அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்துறை 'பீஸ்' என்ற பெயரில் நடத்தும் திட்டம், எரிசக்தித் தணிக்கைக்கு (மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து அறிக்கை தரும் ஆய்வு) ஆகும் செலவில் ஒரு பகுதியையும், அந்தத் தணிக்கை பரிந்துரைத்த இயந்திரங்களை வாங்கும் செலவில் ஒரு பகுதியையும் திருப்பித் தருகிறது. தகுதி பெறும் புதிய குறு, சிறு உற்பத்தி நிறுவனங்களுக்குத் தாழ்வழுத்த மின்கட்டணத்தில் 20 சதவீதத்தை முதல் 36 மாதங்களுக்கு மானியமாகத் திருப்பித் தரும் ஏற்பாடும் உண்டு. ரிபேட் என்ற சொல்லுக்கு நம்மூரில் மிக நெருங்கி வருவது இதுதான், புதிதாகத் தொழில் தொடங்கும் பலர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். மத்திய அரசு 2025 சூலையில் தொடங்கிய 'அடீட்டி' திட்டம், மின்சிக்கன இயந்திரங்களுக்கு வாங்கும் கடனின் வட்டியில் குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதப் புள்ளிகளையும் நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதப் புள்ளிகளையும் ஏற்றுக்கொள்கிறது. ஜவுளி, உணவு பதப்படுத்துதல், வார்ப்பாலை உள்ளிட்ட குறிப்பிட்ட தொழில்களுக்கே அது பொருந்தும். விதிகளும் உச்சவரம்புகளும் மாறிக்கொண்டே இருப்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் நடப்பில் இருக்கும் அரசாணையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மடீட்சியா போன்ற தொழில் சங்கங்களில் ஏற்கெனவே வாங்கியவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் அரை மணி நேரம் பேசினால் பாதி அலைச்சல் குறையும்.

விடுதி, கடை, மருத்துவமனை நடத்துபவர்களுக்கு உள்ளது வரி வழி. வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தேய்மானம் சாதாரண இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால், வருமான வரி விதிகளின் பட்டியலில் இடம்பெற்ற மின்சிக்கனச் சாதனங்களுக்கும் சூரிய மின்தகடுகளுக்கும் 40 சதவீதம். கெப்பாசிட்டரும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சாதனமும் அந்தப் பட்டியலில் உள்ளவை. ரசீதில் "எலக்ட்ரிகல் ஐட்டம்ஸ்" என்று மொத்தமாக ஒரே வரியில் எழுதிவிட்டால் ஆடிட்டரால் பிரித்துக் காட்ட முடியாது. ஆகவே சாதனத்தின் பெயரையும் வகையையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லி வாங்குங்கள்.

ஜி.எஸ்.டி.யில் ஒரு மாற்றம் விடுதிக்காரர்களைத் தொட்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதே நாளில், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கான வரி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கி, உள்ளீட்டு வரி வரவு (வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) இல்லாமல் போனது. துணிக்கடைக்காரர் ஏ.சி.க்குக் கட்டிய 18 சதவீதத்தை வரவு வைத்துக்கொள்வார், விடுதிக்காரருக்கு அது செலவாகவே நிற்கும். ஆகவே பக்கத்துக் கடைக்காரர் போட்ட மீட்புக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே போல, 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் மானியம் வீடுகளுக்கு மட்டுமே. வணிக இணைப்புக்கும் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முன்பணம் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள்.

வரிசை தவறினால்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு தொழிற்கூடத்துக்கு நானே செய்த பிழை இது. பழைய காற்றழுத்தி (கம்ப்ரசர்) பழுதாகி உற்பத்தி நின்றிருந்தது, முதலாளி துடித்துக்கொண்டிருந்தார். வேகம் மாறும் புதிய காற்றழுத்தியை உடனே வாங்கச் சொன்னேன், தணிக்கையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இயந்திரம் வந்தது, மின்சாரமும் நன்றாகவே மிச்சமானது. ஆனால் மானியக் கோப்பில் தணிக்கை அறிக்கையின் தேதி இயந்திர ரசீதின் தேதிக்குப் பின்னால் இருந்தது. பரிந்துரைக்கும் முன்பே வாங்கிய இயந்திரத்துக்குப் பணம் கொடுக்க முடியாது என்று விண்ணப்பம் திரும்பியது. அதிகாரி மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய இயந்திரம் எவ்வளவு மின்சாரம் குடித்தது என்பதற்கும் எங்களிடம் ஒரு சான்றுகூட இல்லை, ஏனென்றால் அதை அளப்பதற்கு முன்பே கழற்றிவிட்டோம்.

அன்றிலிருந்து நான் எந்தப் பெரிய வேலைக்கும் ஒரே வரிசையைத்தான் பின்பற்றுகிறேன். திட்டம் யாருக்குப் பொருந்தும் என்று தொழில் மையத்தில் நேரில் கேட்டு, உத்யம் பதிவில் (குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) தொழிலின் வகை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, எரிசக்திச் சிக்கனச் செயலகத்தின் தேர்வில் தேறிச் சான்று பெற்ற தணிக்கையாளரைக் கொண்டு பழைய இயந்திரம் ஓடும்போதே அளந்து, அறிக்கை கைக்கு வந்த பிறகு விலைப்பட்டியல் கேட்டு, திட்டம் முன் அனுமதி கேட்டால் அது வந்த பிறகே கொள்முதல் ஆணை கொடுத்து, வங்கி வழியாகவே பணம் செலுத்தி, பொருத்திய பின் மறுபடியும் அதே இடத்தில், அதே கருவியால், அதே உற்பத்தி ஓடும்போது அளக்க வேண்டும். பழைய இயந்திரத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றும் முன் படம் எடுத்து வையுங்கள். எண்ணெய் படிந்திருந்தால் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள், எழுத்துத் தெரியாத படம் உதவாது. அமெரிக்க ரிபேட் திட்டங்களிலும் பெரிய வேலைகளுக்கு இதே ஒழுங்குதான்: முதலில் அனுமதி, பிறகு கொள்முதல், கடைசியில் சரிபார்ப்பு.

மானியம் கைக்கு வர மாதக்கணக்காகும், சில சமயம் நிதியாண்டு தாண்டும். எனவே மானியம் வந்தால்தான் தவணை கட்ட முடியும் என்ற நிலையில் கடன் வாங்காதீர்கள். மானியமே இல்லாமல் நான்கு ஆண்டுக்குள் பணம் திரும்புமா என்று பாருங்கள். திரும்பாது என்றால் அந்த வேலையை ஒத்திப்போடுவதே நல்லது. சில நிறுவனங்கள் தங்கள் செலவிலேயே சாதனத்தைப் பொருத்திவிட்டு, மிச்சமாகும் கட்டணத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு வருவார்கள். கைப்பணம் இல்லாதவருக்கு அது உதவும். ஆனால் மிச்சத்தை எந்த அடிப்படையில் அளப்பது, கட்டணம் உயர்ந்தால் பங்கு யாருக்குக் கூடும், அறைகள் காலியாக இருந்த மாதத்தின் மிச்சம் யார் கணக்கு என்ற மூன்றும் எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

வேலை முடிந்த பிறகு

மின்மானியின் எண்ணை வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் குறித்துவைக்க ஓர் ஆளை நியமியுங்கள். விடுதியென்றால் பக்கத்தில் அன்று நிரம்பிய அறைகளின் எண்ணிக்கையும், தொழிற்கூடமென்றால் உற்பத்தி அளவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் குறைந்ததால் வந்த குறைவையும் சிக்கனத்தால் வந்த குறைவையும் பிரித்தறிய முடியாது. புதிய உச்ச மின்தேவை ஒரு கோடையைக் கடந்து நிலைத்த பிறகு, ஒப்பந்த மின்பளுவைக் குறைக்க இரண்டாவது மனுவைப் போடலாம். முதல் மனுவைவிட அது பெரிய தொகையாகவும் இருக்கக்கூடும்.

கழற்றிய பழைய சாதனங்களை என்ன செய்தார்கள் என்பதையும் நேரில் பாருங்கள். முதலில் சொன்ன விடுதிக்கு ஆறு மாதம் கழித்துப் போனபோது, விசிறிகளை மாற்றியும் எதிர்பார்த்த அளவுக்கு யூனிட் இறங்கவில்லை என்று முதலாளி குறைப்பட்டுக்கொண்டார். மாடியில் புதிதாகத் தகரம் போட்டுக் கட்டிய பணியாளர் அறைகளுக்குப் போய்ப் பார்த்தேன். கழற்றிய முப்பது விசிறிகளில் பதினொன்று அங்கே, அதே மின்மானியில், இரவும் பகலும் சுற்றிக்கொண்டிருந்தன. தகரக் கூரைக்குக் கீழே படுப்பவர்களுக்கு விசிறி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கேயும் பதினொரு பி.எல்.டி.சி. விசிறிகளை வாங்கி மாட்டச் சொல்லி, பழையவற்றைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டு, தேதியிட்ட ரசீதை அதே கோப்பில் சேர்க்கச் சொன்னேன்.